பாலத்தை மூடியாச்சு

ராஸ் அல் கைமாவிலிருந்து எங்கள் சென்னை அலுவலகத்துக்குப் பேசிய ஃபோர்மேன் சேகர் ஒரே ஒரு வரிதான் சொன்னார். "சார், பாலத்தை மூடியாச்சு." அதோடு இணைப்பு அறுந்துவிட்டது. எங்கள் மேனேஜர் ரிசீவரை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "கூரை முடிஞ்சுதாம் கவிதா. நீ போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுட்டு வந்துடு." என் பாஸ்போர்ட்டில் முதல் முத்திரை விழக் காரணமானது அந்த ஒரு வரி.

பல மாதங்களாக அந்தப் பாலத்தைக் கணினித் திரையில் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். மலையடிவாரத்தில் ஒரு வாதி. வாதி என்றால் எப்போதாவது பெய்யும் மழைக்கு மட்டும் ஓடும் ஆறு, மற்ற நாளெல்லாம் கூழாங்கல். அதன் இரண்டு கரையிலும் ஒரே முதலாளியின் பேரீச்சந்தோட்டம். அவர் இளமையில் அமெரிக்காவில் படித்தவர். அங்கே கிராமப்புறத்தில் ஓடைகளின் மேல் மரத்தாலேயே கட்டி, வீடு போலக் கூரையும் பக்கப் பலகையும் வைத்த பாலங்களைப் பார்த்திருக்கிறார். அதைப் போல ஒன்று தன் தோட்டத்துக்கு வேண்டும் என்று துபாய் ஒப்பந்தக்காரரிடம் சொல்ல, வரைபட வேலை எங்களுக்கு வந்தது. அலுவலகத்தில் மரப்பாலம் என்றதும் எல்லோருக்கும் வேறு அவசர வேலை இருந்தது. அதனால் என் மேசைக்கு வந்தது.

வேலைக்காகப் படிக்க ஆரம்பித்து, பிறகு ஆசைக்காகப் படித்தேன். கூரைப் பாலங்கள் ஐரோப்பாவின் மலைநாடுகளில் உண்டு, சீனாவின் தெற்கில் உண்டு, அமெரிக்காவின் கிழக்குப் பக்கக் கிராமங்களில் நிறைய உண்டு. சீனாவில் சில பாலங்களுக்குள்ளேயே உட்காரத் திண்டும் சின்னக் கடையும் சாமியும் இருக்கின்றன. குளிர்நாடுகளில் பனிக்காலம் வந்தால் ஆட்கள் மண்வெட்டியோடு வந்து, வெளியில் கிடக்கும் பனியை அள்ளிப் பாலத்துக்குள் கொட்டுவார்களாம். சறுக்கு வண்டி போகத் தரையில் பனி வேண்டும், கூரையோ பனியை உள்ளே விடாது. தண்ணீரைப் பார்த்தால் குதிரை மிரளும், தொழுவம் மாதிரி இருந்தால் பேசாமல் நுழையும், அதற்குத்தான் கூரை என்றும் ஒரு கதை இருக்கிறது. உண்மைக் காரணம் இன்னும் எளிது. மரமும் மரமும் சேரும் இடத்தில் தண்ணீர் இறங்கினால் இற்றுப்போகும். கூரை இல்லாத மரப்பாலம் சில வருடங்களில் போய்விடும். கூரை போட்டவற்றில் பல, நூறு வருடம் தாண்டியும் நிற்கின்றன.

இவ்வளவையும் தலையில் ஏற்றிக்கொண்டு ஒரு செவ்வாய்க்கிழமை ஷார்ஜாவில் இறங்கினேன். வாசலில் 'கவிதை' என்று எழுதிய அட்டையுடன் ஒருவர் நின்றார். ஓட்டுநர் பஷீர், மலப்புரத்துக்காரர்.

"மேடம்தான் கவிதையா?"

"கவிதா."

"ரூம்ல ஒரு தமிழன் எழுதித் தந்தான். அவன் கவிதை எழுதுற ஆளு. கைப்பழக்கம்." அட்டையைப் பின் சீட்டில் போட்டார்.

ராஸ் அல் கைமா வரை சாலை ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருந்தது. இரண்டு பக்கமும் செங்கல் நிறத்தில் மணல்மேடுகள், ஒட்டகம் குறுக்கே வராமலிருக்கக் கம்பிவேலி. சாலை இவ்வளவு ஒழுங்கு, ஆனால் முகவரி என்று ஒன்று கிடையாது. நான் தங்கவேண்டிய வீட்டை பஷீர் கண்டுபிடித்த வழி இது: ஒரு ரவுண்டபவுட், அடுத்து பள்ளிவாசல், அங்கிருந்து இரண்டாவது குரோசரி, குரோசரிக்காரரிடம் "தமிழ் ஃபேமிலி எவிடே?" நம் ஊரில் ஆட்டோக்காரர் டீக்கடையில் விசாரிப்பது போலத்தான்.

அந்த வீடு வசந்தி அக்காவுடையது. மேனேஜருக்குத் தூரத்து உறவு, மதுரைக்காரர். அவர் கணவர் டைல்ஸ் ஃபேக்டரியில் கணக்கு பார்க்கிறார். வீட்டில் ஒவ்வோர் அறைக்கும் ஒவ்வொரு டைல்ஸ், எல்லாம் ஓரம் லேசாக உடைந்து கழித்துவிட்டவை. "ஓரத்தைச் சுவத்துப் பக்கம் திருப்பிட்டா யாருக்குத் தெரியும்?" என்றபடி வத்தக்குழம்பை ஊற்றினார் அக்கா. முதல் வகுப்பு படிக்கும் மகள் நித்யா என்னைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"ஆன்ட்டி, யூ மேக் ப்ரிட்ஜஸ்?"

"ஆமா."

"வித் அ ரூஃப்? ஒய்? இட்ஸ் நாட் அ ஹவுஸ்."

"தமிழ்ல கேளுடி" என்றார் அக்கா.

"பாலத்துக்கு எதுக்கு ரூஃப்?"

மழைக்கு என்று சொல்ல வாயெடுத்து, ஜன்னல் வழியே வெயிலைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். அவளுடைய ஷூ டப்பாவை எடுத்து மூடியைக் கழற்றினேன். "இப்ப ரெண்டு பக்கமும் அமுக்கு." டப்பா உள்ளே மடங்கியது. மூடியைப் போட்டுக் கொடுத்தேன். "இப்ப அமுக்கு." அசையவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. தூங்கப் போகும்வரை வீட்டிலிருந்த டப்பாக்கள் எல்லாவற்றையும் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாலத்தின் ரகசியமும் இவ்வளவுதான். இரண்டு பக்கமும் முக்கோணங்களால் ஆன பெரிய மரச்சட்டம் ஒவ்வொன்று, அதற்கு டிரஸ் என்று பெயர். நடுவில் வண்டி போகும் தளம். மேலே குறுக்குக் கட்டைகளும் கூரையும் சேர்ந்து இரண்டு டிரஸ்களையும் நிமிர்த்திப் பிடிக்கின்றன. கூரை குடை மட்டுமல்ல, டப்பாவின் மூடியும் அதுதான்.

புதன்கிழமை காலை பஷீர் ஒரு கேஃபடீரியா முன்னால் வண்டியை நிறுத்தி ஹார்ன் அடித்தார். இங்கே யாரும் இறங்கிப் போவதில்லை, கடைதான் வண்டிக்கு வருகிறது. பரோட்டாவுக்குள் ஆம்லெட், அதன் மேல் நொறுக்கிய உருளைக்கிழங்கு சிப்ஸ், எல்லாவற்றையும் சுருட்டிக் காகிதத்தில் தந்தார்கள். பொரித்ததற்குள் பொரித்ததா என்று முதலில் சந்தேகப்பட்டேன். சென்னையில் யாரும் இதை ஏன் விற்கவில்லை என்பதே பிறகு என் கேள்வி.

மலைப் பக்கம் திரும்பியதும் கல் ஏற்றிய லாரிகள் வரிசையாக எதிரே வந்தன. ஊரே மாவில் விழுந்து எழுந்த மாதிரி வெளுத்திருந்தது. பஷீர் உச்சியைக் காட்டினார். "மேடம், அந்த மலையில மஞ்ஞு பெய்திருக்கு, அறியுமோ? பனி. அர்பாபுமாரு, இவிடத்த முதலாளிமாரு எல்லாம் ஜீப்பெடுத்துப் பாக்கப் போயி." என் கூரைக் கணக்கில் பனியின் எடைக்கு நேரே பூஜ்யம் போட்டிருந்தேன். தோட்டம் அடிவாரத்தில்தான் இருக்கிறது என்பதை அவரிடம் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

பாலம் வந்தது. வாதியின் இரு கரையிலும் கல்தூண், அதன் மேல் என் இரண்டு டிரஸ்கள், வெயிலில் தேன் நிறமாக. நடுவில் தளம். தளத்துக்கு மேலே வானம். கூரை இல்லை.

பாலத்தின் வாயில் இரண்டு எண்ணெய் டிரம்கள், அவற்றின் மேல் ஒரு பலகை, பலகையில் சிவப்புப் பெயின்ட்டில் அரபியிலும் இந்தியிலும் தமிழிலும் ஏதோ எழுதியிருந்தது. தமிழ் வரி: 'பாலம் மூடப்பட்டுள்ளது.'

சேகர் ஓடிவந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும், ஒல்லி, அறந்தாங்கிப் பக்கம். ஹெல்மெட்டில் சந்தனப் பொட்டு மாதிரி மஞ்சள் பெயின்ட் தெறித்திருந்தது.

"கூரை எங்கே சேகர்?"

"கூரை இன்னும் போடலியே மேடம்."

"மூடியாச்சுன்னு ஃபோன் பண்ணீங்களே."

"ஆமா மேடம், மூடியாச்சு." டிரம்களைக் காட்டினார். "தண்ணி டேங்கர்காரன் ஒருநாள் கேக்காம ஏத்திட்டான். மேல டிரஸ்ஸு ரெண்டும் ஆடுச்சு. கூரை முடியாம வண்டி விடக் கூடாதுன்னு உங்க டிராயிங்லயே போட்டிருக்கு. அதான் அன்னைக்கே மூடிட்டேன்."

அவர் செய்தது சரி. மேனேஜர் கேட்டதும் சரி. தமிழ் ஒரே சொல்லை இரண்டு பேருக்கும் கொடுத்துவிட்டிருந்தது. நான் சிரித்துவிட்டேன். சேகர் சிரிக்கவில்லை. ஏன் என்று பின்னாலிருந்த மணி சொன்னான். அவன் சேகரின் உதவியாள், ஊர்க்காரனும்கூட.

"மாப்ளைக்கு அடுத்த வாரம் கல்யாணம் மேடம். ஹேண்டோவர் ஆனாத்தான் லீவுன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. நீங்க கையெழுத்துப் போட வர்றீங்கன்னு ஊருக்கே ஃபோன் போட்டுட்டாரு."

கூரைக்கு வந்த தச்சர் குழுவைத் துபாயில் ஏதோ கோபுர வேலைக்கு ஒப்பந்தக்காரர் இழுத்துக்கொண்டு போயிருந்தார். மரமெல்லாம் அறுத்து அடுக்கித் தயாராக இருந்தது. ஆட்கள்தான் இல்லை. மீதி சேகர், மணி, இன்னும் இரண்டு ஹெல்பர்கள். சேகரும் மேலே ஏறமாட்டார்.

"தேதி குறிச்ச மாப்பிள்ளை ஏணியில ஏறக் கூடாதுன்னு எங்க அம்மா ஃபோன்லயே சத்தியம் வாங்கிருச்சு" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

"ஒரு கையெழுத்துதானே மேடம்" என்றான் மணி. "கூரையை நாங்க அப்புறமாப் போட்டுக்க மாட்டோமா?"

"கூரை இல்லாம என் பேர் அந்தப் பேப்பர்ல வராது மணி."

"வரவும் கூடாதுடா" என்றார் சேகர். சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். நிறைய நேரம் குடித்தார்.

எனக்கு ஞாயிறு காலை விமானம். ஒரு கல்யாணம் என் பேனாவில் தொங்கிக்கொண்டிருந்தது.

முதலாளியைப் பார்க்க அக்கரைக்குப் போகவேண்டும். பாலம் மூடியிருந்ததால் பஷீர் வண்டியை வாதிக்குள் இறக்கினார். சரியாகப் பாலத்துக்குக் கீழே சக்கரம் கூழாங்கல்லில் புதைந்தது. நிழலுக்கு ஒதுங்கியிருந்த வெள்ளாடுகள் எழுந்து இடம் விட்டன. டயரில் பாதிக் காற்றை இறக்கி, சேகரும் மணியும் தள்ளினார்கள். நானும் இறங்கித் தள்ளினேன்.

"பாலம் கட்ட வந்த மேடம் பாலத்துக்குக் கீழ வண்டி தள்றாங்க" என்றான் மணி. "போட்டோ எடுத்துச் சென்னைக்கு அனுப்பலாம்."

"யல்லா, பேசாமத் தள்ளுடா" என்றார் சேகர்.

முதலாளியை எல்லோரும் அர்பாப் என்றே சொன்னார்கள். வெள்ளை கந்தூரா அங்கி, நரைத்த தாடி, நல்ல ஆங்கிலம். பேரீச்சம்பழமும் ஏலக்காய் மணக்கும் காப்பியும் வந்தன. கூரை எதற்கென்று அவருக்கு நான் விளக்கத் தொடங்கினேன்: ஒன்று, மழையிலிருந்து மூட்டுகளைக் காக்க. இரண்டு, இந்த ஊரில் மரம் வெயிலில் வெடிக்காமல் இருக்க. மூன்று, டிரஸ் ஆடாமல் இருக்க. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நான்காவது ஒன்று இருக்கிறது" என்றார். "படிக்கும்போது ஒருநாள் பெரிய மழை. காரை அப்படி ஒரு பாலத்துக்குள் நிறுத்திவிட்டு நின்றேன். மேலே மரத்தில் மழை விழும் சத்தம். எங்கள் ஊரில் நான் அதைக் கேட்டதே இல்லை. எனக்கு அந்தச் சத்தம் வேண்டும்."

என் கணக்கில் அதற்கு இடம் ஒதுக்கியிருக்கவில்லை. சேகரின் கல்யாணத்தைப் பற்றிச் சொன்னேன். கூரை முடிந்தால் தானும் அன்றே கையெழுத்திடுவதாகச் சொன்னார். முடியாவிட்டால் என்று நான் கேட்கவில்லை.

வியாழக்கிழமை முழுக்க நாங்கள் ஐந்து பேரும் குறுக்குக் கட்டைகளை ஏற்றினோம். சேகர் கீழே நின்று குரல் கொடுக்க, மணியும் ஒரு ஹெல்பரும் மேலே. ஒவ்வொரு போல்ட்டையும் நான் ஏறிப் பார்த்தேன். மாலையில் டிரஸ்கள் ஆடுவது நின்றிருந்தது. ஆனால் கைமரங்களும் பலகைகளும் மலையாகக் கிடந்தன. இந்த வேகத்தில் இன்னும் பத்து நாளாவது ஆகும். குப்பூஸ் ரொட்டியையும் பருப்பையும் பிட்டுத் தின்றபடி சேகர் மெதுவாகச் சொன்னார்: "பொண்ணு வீட்டுல பேசித் தேதியைத் தள்ளி வைக்கச் சொல்லணும். ஏற்கெனவே ஒரு தரம் தள்ளினது மேடம். இனிமே ஒத்துக்குவாங்களான்னு தெரியல."

மணி ஃபோனை எடுத்துக்கொண்டு ஆடுகள் பக்கம் போனான்.

வெள்ளிக்கிழமை, கேம்ப்புகளுக்கு வார விடுமுறை. காலை நான் போய்ச் சேர்ந்தபோது பாலத்தருகே ஒரு பஸ் நின்றது. பக்கத்து சிமென்ட் ஃபேக்டரி கேம்ப்பிலிருந்து வந்த பஸ். அதிலிருந்து ஆட்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். முன்னால் வந்தவர் பெருமாள் அண்ணன், அங்கே சாரம் கட்டும் குழுவுக்குத் தலைவர், புதுக்கோட்டை.

"மேடம், இவன் கல்யாணத்துக்கு எங்கள்ல ஒருத்தனும் போகப் போறதில்ல. லீவு மாஃபி, கிடையாது. பந்தலாவது இங்கேயே போட்டுட்டுப் போறோமே."

பாலத்தின் கூரை அந்த நிமிடத்திலிருந்து பந்தலாகிவிட்டது. பெருமாள் அண்ணன் முதல் கைமரத்தின் நுனியில் ஒரு வேப்பங்கொத்தைக் கட்டினார். வேம்பு இங்கே தெருவெல்லாம் இருக்கிறது. மஞ்சள் துணிக்கு யாரோ ஒருவருடைய ஒளிரும் பாதுகாப்புச் சட்டையைக் கிழித்தார்கள். பந்தக்கால் நட்டாகிவிட்டது.

எனக்குச் சில நிபந்தனைகள் இருந்தன. பெல்ட் மாட்டாதவர் ஏறக் கூடாது. உயரத்தில் வேலை பார்த்துப் பழகாதவரும் ஏறக் கூடாது. "பழகினவங்க கை தூக்குங்க" என்றேன். எல்லாக் கையும் எழுந்தது, கேம்ப் சமையல்காரர் கை உட்பட.

"நீங்க எங்க ஏறியிருக்கீங்க?"

"கேம்ப்ல மேல் கட்டில் என்னுதுதான் மேடம்."

அவரைச் சோற்றுப் பக்கம் அனுப்பினேன்.

மற்றவர்களுக்கு நான் சொல்ல வேண்டியிருந்தது கொஞ்சம்தான். கைமரம் கைமாறி மேலே போனது. கீழே நின்ற சேகரால் சும்மா இருக்க முடியவில்லை.

"அண்ணே, அந்தப் பலகை ஒரு நூல் வெளிய நிக்கிது."

"மாப்பிள்ளை பேசப்படாது. மணையில உக்காரு."

"இல்லண்ணே, பாருங்க..." ஏணியில் ஒரு கால் வைத்துவிட்டார்.

"டேய், அவன் அம்மாவுக்கு ஃபோன் போடு."

கால் இறங்கிவிட்டது. நான் ஏறிப் பார்த்தேன். பலகை ஒரு நூல் வெளியேதான் நின்றது.

நடுப்பகலில் ஜும்மா தொழுகைக்கு அர்பாபும் பஷீரும் போய்த் திரும்பும்போது, பின்னாலேயே பிக்கப்பில் பெரிய தாம்பாளங்களில் ஆட்டுக்கறி மக்பூஸ் வந்தது. பிரியாணியின் அமைதியான அண்ணன் என்று சொல்லலாம். காரம் இல்லை, மணம் உண்டு. "கல்யாணச் சாப்பாடு, ஊறுகாய்தான் இல்ல" என்றார் ஒருவர். சமையல்காரர் இடுப்பிலிருந்து ஒரு ஊறுகாய்ப் பொட்டலத்தை எடுத்தார். வெயில் சாய்வதற்குள் கடைசிப் பலகையும் ஏறிவிட்டது. பாலத்துக்குள் முதன்முறையாக நிழல் விழுந்தது. ஆடுகள் யாரையும் கேட்காமல் டிரம்களுக்கு இடையே நுழைந்து உள்ளே படுத்துக்கொண்டன.

சனிக்கிழமை சோதனை. ஆடுகளை விரட்டிவிட்டு, தளத்தின் நடுவே நூல் கட்டி அளவுகோலை வைத்தேன். சேகர் மூடக் காரணமான அதே தண்ணீர் டேங்கர், முழுச் சுமையோடு வந்தது. டிரைவர் ஒரு பட்டாணியர். "டரோ மத் பஹன்ஜி" என்று எனக்கு தைரியம் சொல்லிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏற்றினார். சேகர் வண்டியைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நூல் கொஞ்சம் இறங்கியது. கணக்கில் அனுமதித்ததைவிடக் குறைவு. மேலே டிரஸ்கள் அசையவில்லை.

"மேடம்?"

"மூடி சரியா உக்காந்துடுச்சு சேகர்."

கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தபோது அர்பாப் கையைக் காட்டி நிறுத்தினார். டேங்கர்காரரிடம் அரபியில் ஏதோ சொன்னார். பட்டாணியர் சிரித்துக்கொண்டே குழாயை இழுத்து, கூரையை நோக்கித் திறந்துவிட்டார். நாங்கள் எல்லோரும் உள்ளே ஓடினோம். மேலே பலகையில் தண்ணீர் முதலில் தட்டி, பிறகு கொட்டி, ஓரங்களில் சரம் சரமாக இறங்கியது. வாதியின் கூழாங்கற்கள் நனைந்து நிறம் மாறின. அர்பாப் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். மணி, "எங்க ஊர் ஐப்பசி மாதிரி இருக்குடா" என்றான். ஒழுகிய இரண்டு இடங்களைச் சாக்கட்டியால் குறித்துவைத்தேன். மணி அன்றே அடைத்துவிட்டான்.

பிறகு இரண்டு கையெழுத்தும் விழுந்தன. அந்தப் பேப்பரை சேகர் சட்டைக்குள் வைத்து, தண்ணீர் படாமல் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். டிரம்களை அவரே உருட்டி ஓரத்தில் வைத்தார். அறிவிப்புப் பலகையைத் திருப்பிப் போட்டு மணி அதன் மேல் உட்கார்ந்தான்.

சென்னைக்கு ஃபோன் போட்டேன். மேனேஜர் எடுத்தார்.

"என்ன கவிதா, பாலம் மூடியாச்சா இல்லையா?"

டேங்கர் மறுபடியும் ஒருமுறை, எந்தக் காரணமும் இல்லாமல், பாலத்தின் வழியே அக்கரைக்குப் போய்க்கொண்டிருந்தது.

"மூடியாச்சு சார்" என்றேன். "அதனால திறந்தாச்சு."